ஈரச் சாந்தில் ஒரு பழைய தேதி

கண்ணாடி உடையவில்லை, ஆள்காட்டி விரல் நீளம், இரண்டு விரல் அகலம், என் நெற்றி உயரத்தில் விரிசலுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது, இரண்டு முனையிலும் வெள்ளைச் சாந்து, நடுவில் சிவப்பு எழுத்தில் 17-7-2000 என்று தேதி, அதற்குப் பின்னால் விரிசல் கரையான் ஏறிய தடம்போல வளைந்து வளைந்து மேலே போய்க் கூரையின் வில்வளைவுக்குள் மறைகிறது, முற்றத்து வெயில் சாய்ந்து விழும்போது கண்ணாடி ஒரு கணம் மின்னி அடங்குகிறது, எனக்குப் பின்னால் முப்பத்துநாலு பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோ அப்பளம் கேட்கிறார், யாரோ சிரிக்கிறார், நான் மட்டும் சுவரைப் பார்த்து நிற்கிறேன், உடையவில்லை, உடையவில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன், உடையாத கண்ணாடியைப் பார்த்து ஒரு மனிதன் பயப்படுவானா, நான் பயப்படுகிறேன், எப்போதும் பயப்படுகிறவன்தான், ஆனாலும் இன்றைய பயம் வேறு.

பழைய கட்டடங்களில் விரிசல் கண்டால் நாங்கள் செய்கிற வேலை இது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் வைப்பார்களே அந்த மெல்லிய கண்ணாடித் தகடு, அதை விரிசலின் இரு கரைக்கும் பாலம்போல ஒட்டிவிடுவோம், விரிசல் செத்ததா, இன்னும் உயிரோடு வாய் திறக்கிறதா என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும், அதற்கு வளையத் தெரியாது, சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும், ஒட்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவிட்டு ஒரு மழைக்காலம் போகவிட்டு வந்து பார்ப்போம், முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை, உடைந்திருந்தால் முதலில் ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம், தேதிதான் அதற்கு உயிர், எப்போது ஒட்டியது என்று தெரியாத கண்ணாடி எதற்கும் சாட்சி சொல்லாது, இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன், விளக்கும்போதெல்லாம் இந்தச் சத்திரத்துப் பந்திக்கூடம் நினைவுக்கு வரும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்வேன்.

காலையில் தஞ்சாவூரிலிருந்து பஸ் புறப்பட்டபோதே பயம் வந்துவிட்டது, பஸ்ஸில் இருந்தவர்கள் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பழைய கட்டடம் பார்க்க வந்தவர்கள், ஹேமலதா என்ற பெண் அவர்களைச் சேர்த்துக் கூட்டிவந்திருந்தாள், முப்பது வயதிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒலிபெருக்கி, என்னைப் பிடித்து வந்ததும் அவள்தான், சார், ராணிச் சத்திரத்த அளந்து படம் போட்டதே நீங்கதானாமே, உங்க அறிக்கையப் படிச்சேன், கட்டடம் உறுதின்னு எழுதியிருக்கீங்க, நீங்களே வந்து சொன்னா நல்லாருக்கும் என்று போனில் கேட்டபோது நான் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம், ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேலை, சரி என்று வாய் சொல்லிவிட்டது, என் வாய்க்கும் எனக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை, முதலில் வெண்ணாற்றங்கரைக்கு அந்தப் பக்கம் வட்டமான செங்கல் நெற்களஞ்சியம், உள்ளே போய் ஒரு ஆள் கைதட்டினால் ஏழெட்டுப் பேர் தட்டுகிற மாதிரி திரும்பி வரும், எல்லோரும் தட்டித் தட்டிச் சிரித்தார்கள், நான் தலையை நிமிர்த்தி உச்சியில் செங்கல் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாசல் பக்கமாகவே நின்றேன், பிறகு கால்வாய்க்கரையில் வெள்ளைக்காரன் காலத்துப் பயணியர் பங்களா, தேக்கு உத்தரம், மரச்சட்டம் வைத்த ஜன்னல், ஒரு அம்மா ஜன்னலைத் தடவி என்ன வேலைப்பாடு என்றார், நான் உத்தரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தேன், எனக்கு அழகு இரண்டாவதாகத்தான் கண்ணில் படும், இந்த மனுசன் கல்யாணத்துக்கு வந்தா மாப்பிள்ளையப் பாக்கமாட்டாரு, மண்டபத்து மேல்தளத்தப் பாத்துட்டுத்தான் ஒக்காருவாரு என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள், அவளுக்குத் தெரியாது, எல்லா மேல்தளத்தையும் பார்த்தவன் ஒரே ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன் என்று, அந்த இடத்துக்குத்தான் பஸ் போய்க்கொண்டிருந்தது, வயல்களுக்கு நடுவே புளியமரங்கள் முடிகிற இடத்தில் சத்திரத்தின் முகப்பு தெரிந்தது, தேர்போல இரண்டு பக்கமும் கல்சக்கரம், முன்கால் தூக்கிய குதிரை, மேல்மாடத்தில் மரத்தூண்கள், ராமேசுவரம் போகிறவர்களுக்குச் சோறு போட ஏதோ ஒரு ராணி கட்டியது, பஸ்ஸே எழுந்து நின்று படம் எடுத்தது, நான் மட்டும் எழவில்லை.

முதல்முறை வந்தபோது எனக்கு நாற்பது வயது, கையில் அளவு நாடா, காவல்காரர் கலியபெருமாள் கதவைத் திறந்துவிட்டார், அவரும் அவர் சம்சாரம் மங்கையர்க்கரசியும் பந்திக்கூடத்தின் ஒரு மூலையில்தான் குடியிருந்தார்கள், அடுப்பு, நாலு பாத்திரம், சுருட்டிய பாய், வில்வளைவின் நடுவில் பழைய காலத்து விளக்கு மாட்டும் இரும்பு வளையம், அதில் பிள்ளைக்குத் தூளி கட்டியிருந்தார்கள், பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது, பெண் பிள்ளை, தூளி ஆடும்போது வளையம் கிறீச் கிறீச் என்னும், வளையத்திலிருந்து இரண்டு முழம் தள்ளித் தொடங்கிய விரிசல் சுவரில் இறங்கியது, நான் அதில் என் நெற்றி உயரத்தில் ஏழாவது கண்ணாடியை ஒட்டினேன், சிவப்பு எனாமலில் தேதி எழுதினேன், மங்கையர்க்கரசி அண்ணாந்து பார்த்து, என்னா சாரு அது, காப்பா என்று கேட்டாள், ஆமாம் என்று விளையாட்டாகச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது, அடுத்த தை மாதம், பொங்கல் கழிந்து மறுவாரம் திரும்பி வந்தேன், பத்துக் கண்ணாடியில் ஒன்பது முழுசு, ஏழாவது இரண்டாக நின்றது, விழவில்லை, இந்தப் பாதி இந்தச் சாந்தில், அந்தப் பாதி அந்தச் சாந்தில், நடுவில் ஒரு கோடு, அவ்வளவு சுத்தமான கோடு, கீழே தூளியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது, ஆறு மாதத்தில் கொழுகொழுவென்று ஆகியிருந்தது, ஒரு கால் வெளியே தொங்கியது, நான் மங்கையர்க்கரசியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்காமல், ஒட்டட அடிக்கையில கோலு பட்டிருக்கும் சாரு என்றாள்.

கோல் பட்டால் கண்ணாடி நொறுங்கும், சாந்தில் சில்லுசில்லாக நிற்கும், இப்படி விரிசலின் மேலேயே நூல் பிடித்த மாதிரி உடையாது, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதை எத்தனை தரம் சொல்வது, ஆனால் அறிக்கை அச்சடித்து முடிந்துவிட்டது, மேலே எங்கள் பெரிய பொறியாளர், அவர் கோபப்பட்டால் மேஜைமேல் இருக்கிற காகிதம் பறக்கும், ஏழாவது உடைந்தது என்று சொன்னால் புதுசு ஒட்டி இன்னொரு ஆறுமாதம் எண்ண வேண்டும், சத்திரத்தைப் புதுப்பித்துத் திறக்க நாள் குறித்தாகிவிட்டது, சொல்லுகிற தைரியம் எனக்கில்லை, உடைந்ததை எழுதினால் இவர்களையும் வெளியே அனுப்புவார்கள், கைப்பிள்ளையோடு எங்கே போவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன், அந்த நியாயம் பயத்துக்குப் போட்ட சட்டை, கோல் பட்டிருக்கும், ஆமாம்மா, கோல்தான் பட்டிருக்கும் என்று நானும் சொன்னேன், பையிலிருந்து புதுக் கண்ணாடி எடுத்து ஒட்டினேன், அதன்மேல் அன்றைய தேதியைப் போடாமல் பழைய தேதியையே போட்டேன், 17-7-2000, என் கை எழுதியது, மங்கையர்க்கரசி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தூளி கிறீச் கிறீச் என்றது, பத்துக் கண்ணாடியும் முழுசு, அசைவு இல்லை, கட்டடம் உறுதி என்று அறிக்கை போனது, அவசரத்தில் ஐம்பது கண்ணாடி இருந்த பெட்டியை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை, ஆனால் எத்தனையோ விடியற்காலைக் கனவுகளில் அந்தக் கூடம் என் மேல் விழுந்திருக்கிறது, முதலில் சுண்ணாம்புத் தூள், அப்புறம் ஒரு செங்கல், தூளி ஆடிக்கொண்டே இருக்கும், நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கப் பார்ப்பேன், தூளிக்குள் தேதி எழுதிய கண்ணாடிதான் கிடக்கும், எழுந்து உட்கார்ந்தால் மனைவி மின்விசிறியைக் கூட்டி வைப்பாள், வேர்வை வேர்வைதான்.

ஆகவே இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் குதிரையையும் பார்க்கவில்லை, சக்கரத்தையும் பார்க்கவில்லை, ஹேமலதா ஒலிபெருக்கியில் ராணியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மெல்ல நழுவிப் பந்திக்கூடத்துக்குள் வந்தேன், கண்ணாடி முழுசாக இருந்தது, அதே தேதி, இருபத்திரண்டு வருஷம், எனக்குள் ஏதோ அவிழ்ந்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது, நான் பயந்ததெல்லாம் வீண், சுவர் நின்றுவிட்டது, பொய் சொன்னேன், பொய் பலித்துவிட்டது, ஆண்டவனே என்று கைகூப்பக்கூடச் செய்தேன், ஊர்ப் பெண்கள் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள், விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், ராணி காலத்துப் பந்தியில் ராணி காலத்துச் சாப்பாடு என்று ஹேமலதா விளம்பரமே செய்திருந்தாள், ஒரு இளம்பெண் கூட்டு வைத்துக்கொண்டே போனாள், நீலத் தாவணி, கையில் வளையல், உட்காருங்க சாரு, எலை போட்டிருக்கு என்றாள், யாரும்மா நீ என்றேன், செந்தாமரை, மங்கையர்க்கரசி மவ என்றாள், தூளியிலிருந்து தொங்கிய அந்தக் கால் என் முன்னால் நின்று கூட்டு வைத்தது, அப்பா இருக்காராம்மா என்று கேட்டேன், அவரு போயி ஒம்பது வருசம் ஆச்சி, அம்மா பின்னால கெணத்தடியில இருக்காங்க என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள், நான் உட்காரப் போனவன், கடைசியாக ஒருமுறை என்று கண்ணாடியின் பக்கம் திரும்பினேன், அப்போதுதான் தேதியிலிருந்த ஏழு என்ற எண்ணைப் பார்த்தேன்.

நான் ஏழு எழுதினால் அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடுவேன், படம் வரைகிறவன் பழக்கம், ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வரக்கூடாது, கண்ணாடியில் இருந்த ஏழுக்கும் கோடு உண்டு, ஆனால் இடுப்பில் இல்லை, பாதத்துக்கு அடியில் தனியாகக் கிடந்தது, இரண்டு ஏழுக்கும் அப்படித்தான், எழுத்துத் தெரியாத ஒருவர் பார்த்துப் பார்த்து வரைந்து, வரைந்ததையே பார்த்துத் திரும்பவும் வரைந்து, இப்படி எத்தனையோ தடவை இறங்கி இறங்கி அந்தக் கோடு அடிக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிவதற்கு முன்பே என் விரல் சாந்தைத் தொட்டுவிட்டது, சில்லென்று இருந்தது, விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியது, சாந்து இன்னும் ஈரம், சிவப்பு எழுத்தை முகர்ந்தேன், எனாமல் இல்லை, நகத்துக்குப் போடுகிற பாலிஷ், இருபத்திரண்டு வருஷத்துத் தேதி, ஈரம் காயாத சாந்து, கண்ணாடி உடையவில்லை, உடையவில்லை, பின்னால் யாரோ அப்பளம் கேட்டார், யாரோ சிரித்தார்.

கிணற்றடியில் மங்கையர்க்கரசி வாழைக்காய் நறுக்கின அரிவாள்மணையைக் கழுவிக்கொண்டிருந்தாள், முடி வெளுத்திருந்தது, என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாரு, வாங்க சாரு, வருவீங்கன்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சி, நல்லாருக்கீங்களா என்றாள், நான் நலம் விசாரிக்கவில்லை, கண்ணாடிய மாத்துனீங்களாம்மா என்றேன், அவள் முகம் மலர்ந்துவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை, மலர்ந்த முகத்தோடு, ஆமாங்க சாரு, ஒரு தடவகூட வுடல, ஒடயிறப்பல்லாம் மாத்திருவேன், நீங்க வச்சிட்டுப் போன பொட்டியிலதான் எடுக்கிறது, நீங்க போட்ட எழுத்த மாத்தாம அப்புடியே போட்டிருவேன், பெயிண்டுக் கடையில பொடி வாங்கிக்கிறது, செவப்புக்கு செந்தாமரையோட நகப்பாலீசு என்றாள், கடைசியா எப்ப ஒடஞ்சிச்சி என்றேன், முந்தாநாத்து, வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கப் போனப்ப பாத்தேன், நல்ல மழ சாரு, மழ பேஞ்சா ஒடயும் என்றாள், உள்ளே போய் ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், குலுங்கியது, காப்புன்னு வச்சது, குப்பையில போடக் கூடாதுல்ல, எல்லாத்தயும் சேத்து வச்சிருக்கேன் என்றாள், திறந்தேன், பாதிப் பாதியாகக் கண்ணாடிகள், எல்லாமே ஒரே மாதிரி குறுக்கே உடைந்தவை, எல்லாவற்றிலும் ஒரே தேதி, அடியில் இருந்தவற்றில் கோடு ஏழின் இடுப்பில், மேலே வர வரத் தொடையில், முழங்காலில், பாதத்தில்.

மொதல்ல எப்புடி ஒடஞ்சிச்சி, நிசத்தச் சொல்லுங்கம்மா, கோலு பட்டுச்சா என்று கேட்டேன், அவள் கிணற்றுக்குள் பார்த்தாள், படல சாரு, ராத்திரி டிக்குன்னு சத்தம் கேட்டிச்சி, பல்லின்னு நெனச்சோம், காலயில பாத்தா ஒடஞ்சிருக்கு, ஒடஞ்சா எங்கள அனுப்பிருவாங்கன்னு இவுரு பயந்தாரு, பத்து நாப் புள்ளயோட வந்து ஒண்டுன எடம், எங்க போறது, அதான் கோலுன்னு சொன்னேன், நீங்களும் ஆமான்னுட்டு வேற வச்சீங்களா, வச்சதும் எல்லாம் சரியாப் போயிருச்சி, யாரும் எங்கள ஒண்ணும் சொல்லல, அப்பதான் புரிஞ்சிச்சி, ஒடஞ்சா அதே எழுத்தப் போட்டு வேற வைக்கணும், அப்ப சொவரு நிக்கும்னு, நீங்க செஞ்சத்தான் சாரு நான் செஞ்சேன் என்றாள், அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை, மெய்யாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள், வருசத்துக்கு எத்தன தடவ ஒடயும் என்று கேட்டேன், மொதல்ல வருசம் ஒண்ணு, ரெண்டு வருசத்துக்கு ஒண்ணுகூட, இப்ப மூணு நாலு வருசமா அடிக்கடி, இந்த வருசம் ஆடியிலேருந்து அஞ்சாச்சி என்றாள், இடையில் வந்து பார்த்த அதிகாரிகள் அத்தனை பேரும் அந்தத் தேதியைப் பார்த்து என் அறிக்கையையும் பார்த்து, அசைவே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து, நான் எழுதியதை அவள் பார்த்து, இப்படியே, நான் டப்பாவை மூடினேன்.

கூடத்துக்கு ஓடினேன் என்று சொல்ல ஆசை, ஓடவில்லை, நடந்தேன், வாசலில் நின்றேன், சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்தது, பாதிப் பந்தியில் ஒரு மனிதரை எழுப்பினால் அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் பக்கத்தில் கிடையாது, சொத்துத் தகராறில் பேச்சு நின்றவர்கள்கூட இலையில் உட்கார்ந்தவனை எழுப்ப மாட்டார்கள், எங்கள் பெரியப்பா ஒருவர் நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் இலையிலிருந்து எழுப்பப்பட்டதைச் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார், முப்பத்துநாலு பேர், கையில் சோறு, மேலே வில்வளைவு, மோர் வரட்டும், மோர் வந்தால் பந்தி முடிந்தது, ஐந்து நிமிஷம், இருபத்திரண்டு வருஷம் நின்ற சுவர் ஐந்து நிமிஷம் நிற்காதா என்று நான் கணக்குப் போட்டேன், போட்டபோதே அந்தக் கணக்கை அடையாளம் தெரிந்தது, தை மாதத்தில் உடைந்த கண்ணாடிக்கு முன்னால் நின்று போட்ட அதே கணக்கு, பாயசம் வேண்டுமா என்று ஒருவர் பக்கத்து இலையைக் கேட்டார், முற்றத்து ஓரத்தில் தவில்காரர் வாரை இழுத்து இறுக்கினார், சாப்பாடு ஆனதும் நாயனமும் தவிலும் என்று ஹேமலதா ஏற்பாடு செய்திருந்தாள், சுருதி சேர்க்க ஒரு தட்டு தட்டினார், செந்தாமரை அந்த இரும்பு வளையத்துக்கு நேர் கீழே குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவள் தோளில் மெல்ல ஏதோ விழுந்தது, மாவு மாதிரி, அவள் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள், நான் எழுந்திருங்க என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொன்னேன், எழுந்திருங்க, எல்லாரும் எழுந்து முத்தத்த தாண்டி வெளிய போங்க, ஓடாதீங்க, சத்தம் போடாதீங்க, போங்க, கைகள் பாதியில் நின்றன, ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, என்ன சார் இது, சாப்புட்டுட்டு இருக்கோம் என்றார், அவர் முகம் சிவந்துவிட்டது, ஹேமலதா பதறி வந்து, சார், என்ன ஆச்சு, நீங்கதான உறுதின்னு எழுதியிருக்கீங்க என்றாள், அது பொய்ம்மா என்றேன், அந்தக் கண்ணாடி ஒடஞ்சிச்சி, நான் பழைய தேதிய எழுதி ஒட்டினேன், பயந்துட்டு எழுதினேன், இதோ என்று டப்பாவைத் திறந்து அவளிடம் நீட்டினேன், அவ்வளவுதான் சொன்னேன், இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, சொல்ல எடுத்த நேரம் ஒரு வாய் சோறு உருட்டுகிற நேரம், ஹேமலதா கண்ணாடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கெட்டிக்காரப் பெண், ஒலிபெருக்கியை எடுக்காமல் வாயாலேயே மெதுவாக ஒவ்வொரு வரிசையாகச் சொல்லி எழுப்பினாள், எச்சில் கையோடு முப்பத்துநாலு பேர் வெளியே போனார்கள், தவில்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு போனார், நான் செந்தாமரையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன், ரசவாளி தளும்பி என் சட்டையெல்லாம் ரசம்.

ஒன்றும் விழவில்லை, கால்மணி, அரைமணி, ஒரு மணி நேரம் நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம், சத்திரம் அப்படியே இருந்தது, குதிரை முன்காலைத் தூக்கியபடியே இருந்தது, ஒரு புறா பறந்து போய் மாடத்தில் உட்கார்ந்தது, பெரியவர் கையைக் கழுவிக்கொண்டு, பைத்தியக்கார மனுசன், எலையிலேருந்து எழுப்பிட்டான் என்று என் காதுபடவே சொன்னார், அவருக்குச் சொல்ல உரிமை உண்டு, எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் பயம், இப்போது புதுப் பயம், விழவில்லை என்பதாலேயே நாளைக்கு எல்லோரும் உள்ளே போய்விடுவார்களே என்ற பயம், அதற்கும் அடியில், விழுந்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நினைப்பைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன், ஹேமலதா மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தாள், நான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பஸ் ஏறும்முன் ஒரே ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன், மங்கையர்க்கரசியும் பின்னால் வந்தாள், வராதீங்கம்மா என்றேன், நாந்தான சாரு தெனம் இங்க இருக்கேன் என்றாள், பாதி உண்ட இலைகள் வரிசையாகக் கிடந்தன, மேலே எதுவும் அசையவில்லை, கண்ணாடி முழுசாக இருந்தது, நகப்பாலிஷ் இருக்காம்மா என்றேன், கொண்டுவந்தாள், நகத்தால் பழைய தேதியைச் சுரண்டினேன், சுலபமாக வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை என்ன தேதி என்று எண்ணிப் பார்த்து 7-10-2022 என்று எழுதினேன், ஏழுக்கு இடுப்பில் கோடு போட்டேன், அவள் எட்டிப் பார்த்து, கோடு அங்கயா சாரு, நான் கீழல்ல போட்டுட்டேன் என்றாள், பிறகு மெதுவாக, ஒடஞ்சா மாத்தக் கூடாதா என்றாள், கூடாதும்மா, ஒடஞ்சா ஒடஞ்சதாவே இருக்கட்டும், நீங்க வெளிய வந்துருங்க, எனக்கு உடனே போன் பண்ணுங்க என்றேன், எழுதிட்டா நாங்க எங்க சாரு போவோம் என்று கேட்டாள், அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அன்றைக்கு அவள் கேட்கவில்லை, நானும் கேட்க விடவில்லை, கலெக்டரப் பாக்கிறேன், நடக்கிற வரைக்கும் நடப்பேன், இன்னிக்கே பாயத் தூக்கிட்டு மடப்பள்ளிக் கொட்டாய்க்குப் போயிருங்க என்று சொன்னேன், அது தகரக் கொட்டகை, ஒழுகும், ஆனால் விழுந்தாலும் தகரம்தான் விழும், அவள் விளக்கு மாடத்திலிருந்த திரியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இரண்டு தரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன், மனு கொடுத்தேன், உங்க அறிக்கைய நீங்களே மறுக்கிறீங்களா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன், பந்திக்கூடத்து வாசலில் கயிறு கட்டினார்கள், மங்கையர்க்கரசிக்கு மனை கேட்டிருக்கிறேன், பார்க்கிறோம் என்கிறார்கள், இதற்கெல்லாம் அலைந்தபோதும் கனவு நிற்கவில்லை, தூளி ஆடும், தூள் விழும், நான் ஓடுவேன், பதினோராம் நாள் காலை எட்டு மணிக்கு நான் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது, வெளியே மழை, இங்கேயா அங்கேயா என்று தெரியாத அளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மழைச் சத்தம், சாரு, ஒடஞ்சிருச்சி என்றாள் மங்கையர்க்கரசி, நீங்க எங்கம்மா இருக்கீங்க என்று கத்தினேன், வெளியதான், கொட்டாய வுட்டும் வந்துட்டோம், செந்தாமர கயித்துக்கு இங்கிட்டு நின்னே போன நீட்டிப் படம் எடுத்துச்சி, இப்ப புளியமரத்தாண்ட இருக்கோம், உள்ளாறத்தான் ஏதோ கொட்டுற மாரி சத்தம் கேக்குது சாரு என்றாள், எனக்கும் கேட்டது, மழைக்கு அடியில் இன்னொரு மழை, நெல் மூட்டை அவிழ்ந்து கொட்டுகிற மாதிரி ஆரம்பித்து, நீண்டு, பிறகு போனையே தரையில் போட்டார்களோ என்னும்படி ஒரு சத்தம், பிறகு வெகுநேரம் மழை மட்டும், அம்மா, அம்மா என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன், காப்பி என் மடியில் கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை, மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள், இருக்கோம் சாரு என்று கடைசியில் குரல் வந்தது, ரெண்டு பேரும் இருக்கோம், கூடம் இல்ல.

அந்தப் படத்தைச் செந்தாமரை அனுப்பியிருந்தாள், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆள்காட்டி விரல் நீளம், இரண்டு விரல் அகலம், விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடி, இரண்டு முனையிலும் சாந்து காய்ந்து வெளுத்திருக்கிறது, சிவப்பில் வெள்ளிக்கிழமையின் தேதி, ஏழின் இடுப்பில் என் கோடு, நடுவில் ஒரு சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி, இந்தப் பாதி இந்தச் சுவரில், அந்தப் பாதி அந்தச் சுவரில், போனை வைக்கும் முன் மங்கையர்க்கரசி இன்னொன்றும் சொன்னாள், யாரோ தன்மேல் பழி போட்டுவிடுவார்களோ என்று அஞ்சுகிற குரலில், நான் மாத்தல சாரு என்றாள்.